ரொம்பத் தெளிவா இருக்கு

"ரொம்பத் தெளிவா இருக்கு. இது வேணாம்," என்றார் பிரேமலா.

செல்வாவுக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. மலேசியாவின் கூலாய் ஊரில் கைப்பேசிக் கடை வைத்து எத்தனையோ வருடமாகிறது. மங்கலாகத் தெரிகிறது என்று சண்டை போட்டவர்கள் உண்டு. தெளிவாகத் தெரிகிறது என்று ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

"ஆன்ட்டி, கடையில இருக்கிறதுலேயே பெரிய ஜூம் இதுதான். நிலாவைப் பிடிச்சா அதுல இருக்கிற பள்ளம்கூடத் தெரியும் லா!"

"நிலாவை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? அந்த இன்னொண்ணைக் குடு."

இரண்டும் விலை உயர்ந்த போன்கள். இரண்டில் ஒன்றை வாங்கச் சொல்லி, சிங்கப்பூரில் இருக்கும் பிரேமலாவின் மருமகன் பெயர் அனுப்பியிருந்தார். யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க மேசையோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தது.

கம்பி எட்டுகிற மட்டும் போனை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார் பிரேமலா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மர நிழலில் நின்ற காரைப் பார்த்து ஜூம் பண்ணினார். படம் எடுத்தார். எடுத்த படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது.

"இதுவும் அப்படியே காட்டுது. எப்படி அழிக்கிறது? எதை அமுக்கணும்?"

"கொண்டாங்க ஆன்ட்டி, நான் அழிக்கிறேன்."

"வேணாம், வேணாம். நீ சொல்லு, நானே அழிக்கிறேன்."

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். படத்தை அழித்த பிறகுதான் செல்வாவிடம் நீட்டினார். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்கும் காருக்குமாக அலைந்துகொண்டே இருந்தது.

"ஏன்ப்பா, முகத்தை வழவழன்னு காட்டுமா? கொஞ்சம் வெளுப்பா, கன்னம் உப்பலா?"

கல்லாவில் இருந்த யோகேஸ்வரி, செல்வாவின் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டியைப் பொண்ணு பாக்க வராங்க போல!" என்று புருஷன் காதில் சொன்னாள்.

அது பிரேமலாவுக்கும் கேட்டது. திரும்பவில்லை.

"சீக்கிரம் பாருப்பா. கார்ல அவரு தனியா இருக்காரு. மத்தியானம் மக கூப்பிட்டுருவா."

"அங்கிளையும் உள்ளே கூட்டிட்டு வந்திருக்கலாமே ஆன்ட்டி? ஏர்கோன் போட்டுக் குளிரா இருக்கு."

"அவரு வரமாட்டாரு. நீ போனைக் காட்டு."

செல்வா இரண்டாவது போனில், முகத்தை அழகாக்கிக் காட்டும் ஃபில்டரைத் தட்டினான். தன் முகத்தைப் படம் பிடித்துக் காட்டினான்.

"பாருங்க, என் மருவையே காணோம். வீடியோ கால்லயும் இப்படித்தான் தெரியும்."

பிரேமலா மறுபடியும் வாசலுக்குப் போய்க் காரைப் படம் பிடித்தார். இந்த முறை நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் விட்டது.

"இதையே குடு. இப்படியே செட் பண்ணிக் குடு. பழைய சிம்மையும் மாத்திடு."

பணத்தைக் கட்டினார். போனை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டைக் கடந்தார்.

"அலமாக்! ஐயோ, சார்ஜரை விட்டுட்டுப் போறாங்க," என்றாள் யோகேஸ்வரி. "அழகைப் பாக்க அவ்வளவு அவசரம்!"

செல்வா பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான்.

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. முன் இருக்கையில் பிரேமலாவின் கணவர் சதாசிவம் தலையணையில் சாய்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அந்தத் தோலும் மஞ்சள். கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல இருந்தது.

செல்வா பையை நீட்டியபடியே நின்றுவிட்டான்.

"ஈரல்ல நோவுப்பா," என்றார் பிரேமலா, குரலைத் தாழ்த்தி. "வைத்தியம் நடக்குது. மக கஸ்தூரிக்கு எட்டாவது மாசம். முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. கட்டிலை விட்டு இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இவரை இப்படிப் பார்த்தா, அவ அப்பவே சிங்கப்பூர்லேர்ந்து பாலம் தாண்டி ஓடி வந்துருவா."

பிரேமலா பையை வாங்கிக் காருக்குள் வைத்தார்.

"பழைய போன்ல கேமரா கெட்டுப் போச்சுன்னு பொய் சொன்னேன். அதுக்குப் போயி மாப்பிள்ளை, இருக்கிறதுலேயே நல்ல கேமராவா பாத்து வாங்கச் சொல்லிட்டாரு. இன்னைக்கு அப்பா முகத்தைக் காட்டலன்னா கிளம்பி வந்துருவேன்னு அவ நிக்கிறா. பிள்ளை பொறக்கட்டும், நானே எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

புது போன் அடித்தது. பிரேமலா அதைக் கணவருக்கு நேரே பிடித்தார்.

"அப்பா!" கஸ்தூரியின் குரல் காருக்கு வெளியேயும் கேட்டது. "பளிச்சுன்னு இருக்கீங்கப்பா! கன்னம்கூட வச்சிருக்கு!"

"எல்லாம் உங்கம்மா சமையல்தான்," என்றார் சதாசிவம், நிமிர்ந்து உட்கார்ந்து. "அதைச் சாப்பிட்டும் உயிரோட இருக்கேன்னா பாத்துக்கோ."

கஸ்தூரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பா, கண்ணு ஏன் ஒரு மாதிரி இருக்கு? அம்மா, கண்ணைக் கிட்டக் காட்டுங்க. ஜூம் பண்ணுங்க."

பிரேமலா போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"பண்ணுங்கம்மா! நல்ல ஜூம் இருக்குன்னுதானே உங்க மாப்பிள்ளை இந்தப் போனையே வாங்கச் சொன்னாரு?"

செல்வா சட்டென்று கார் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினான்.

"அக்கா, நான் போன் கடைக்காரன். ஆன்ட்டிகிட்ட அப்பவே சொன்னேன், கேக்கல. இந்தப் போன்ல மத்ததெல்லாம் நல்லா இருக்கு, ஜூம் மட்டும் சுத்தமா சரியில்ல லா. கிட்டப் போனா கலரே மாறிடும்!"