மாம்பழ ஜாடி

கௌரிசங்கர் டியூட்டிக்குப் போக, லிஃப்ட் இறங்கும் சத்தம் அடங்கியது. அகிலா ஃபிரிட்ஜைத் திறந்து அவன் வீட்டிலேயே புளிக்கவைக்கும் பீர் ஜாடியை வெளியே எடுத்தாள். ஜாடியின் வாயில் மாட்டியிருந்த பலூன் சூம்பித் தொங்கியது.

மாம்பழத் துண்டுகளை அரித்துத் தனியே வைத்துவிட்டு, பீரைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பை மூட்டினாள். கொதித்தால் போதை ஆவியாகப் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தாள். ஆறியதும் பழத்தைப் போட்டு, பலூனை மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். வாராவாரம் இதே திருட்டுத்தனம்.

அழைப்பு மணி அடித்தது. எதிர் ஃப்ளாட் நஸீரா.

"என்னடி, வராந்தா வரைக்கும் மாம்பழம் மணக்குது?"

"ஜாம் காய்ச்சறேன்க்கா."

"ஜாம்னா நான் நம்பிடுவேன். தம்மாம் போலீஸ் நம்புமா? இந்த நாட்டுல சரக்குன்னா ஜெயில்தான்."

அகிலாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் அகிலாவுக்கு ரத்தம் கண்ட அந்த ராத்திரி, நஸீராவின் கணவர் மக்தூம்தான் அவளைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போதையில் கௌரிசங்கரால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவி எங்கே, சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.

குழந்தை தங்கவில்லை. ஆதிரை என்று பெயர்கூட வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகும் அவன் ஜாடியை விடவில்லை. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. முன்பெல்லாம் புளிப்பதற்கு ஈஸ்ட் போட்டு, ஜாடியைப் போர்வை சுற்றி ஸ்டோர் ரூமில் வைப்பான். முதல் நுரை பொங்கி அடங்கியதும் மாம்பழம் போடுவான். பழத்தின் இனிப்பில் சரக்கு மறுபடி பொங்கி, பலூன் குழந்தையின் கன்னம் போல உப்பும். இப்போது எல்லாம் ஃபிரிட்ஜுக்குள்தான். வாசனை வெளியே போகக் கூடாதென்ற பயமாக இருக்கும், குளிரில் அடங்கிக் கிடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆதிரை என்ற பெயர் அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் கேட்கும், அதுவும் அவன் கையில் கிளாஸ் இருக்கும்போது மட்டும். போதையை எடுத்தால் அந்தப் பெயரும் போய்விடாதா? ஒவ்வொரு வாரமும் பயந்தாள். ஒவ்வொரு வாரமும் அவன் பேசினான். கொஞ்சம் போதை மிச்சம் இருக்கிறது போல என்று தேற்றிக்கொள்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்து, அவன் கிளாஸோடு சோஃபாவில் சாய்ந்தான்.

"ஆதிரைக்கு இந்நேரம் பல்லு முளைச்சிருக்கும்ல?"

"ம்."

"கடிச்சு வச்சிருப்பா. உன் பொண்ணாச்சே."

அவன் சிரித்தான். மனம் திறந்து பேசுகிறவனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே என்ற நினைப்பு அவளை அறுத்தது.

"என்னங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க டியூட்டிக்குப் போனதும் இதைக் காய்ச்சிடறேன். வாராவாரம். இதுல போதையே இருக்காது."

அவன் கிளாஸை மோந்து பார்த்தான்.

"அதான் பாயசம் மாதிரி இருந்துச்சா?"

"கோவம் வரலையா?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"கையில இது இல்லாம அவ பேரைச் சொல்ல வாய் வரமாட்டேங்குது, அகி."

பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"அந்த ராத்திரிக்கப்புறம் நான் ஈஸ்ட்டே போடல."