வேற காலேஜ்

"பையன் யாரு?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி. டிப்ளமோ இரண்டாம் வருஷத்தின் நடுவில் மகள் திடீரென்று காலேஜை மாற்ற வேண்டும் என்கிறாள். வேறு என்ன காரணம் இருக்கும்?

சுகிர்தா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். இருபது வருஷம் ஷாம்பு கம்பெனியில் பாட்டிலுக்கு மூடி திருகிய அம்மாவுக்கு, ஒரு பெண்ணின் மனசில் பையனைத் தவிர வேறொன்றும் இருக்கலாம் என்று தோன்றவே தோன்றாதா?

"பையனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எலக்ட்ரானிக்ஸ் படிக்கத்தானே சேத்த? வாரத்துக்கு மூணு நாளு சிப்காட்ல ஒரு கம்பெனில கார் வயருக்கு டேப் சுத்திக்கினு கீறேன்."

"டிரெய்னிங்னு சொன்னியே?"

"அவங்க அப்டித்தான் சொல்லுவாங்க. ஒன்றர வருஷமா அதே டேப்பு. லேபுல ஒரு மீட்டரக் கூட இன்னும் கையால தொடல."

ஆரோக்கியமேரி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "கம்பெனிக்குப் போறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்? மாத்திடு" என்றாள்.

டிசி வாங்கிய அன்று, கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் வினோதா கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே மேஜையில், பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டேப் சுற்றியவர்கள் இருவரும்.

"இன்னும் ஒன்றர வருஷம்தானடி. பல்லக் கடிச்சிக்கினு இருந்துடேன்."

"நீ இரு. உன் கைக்கு அது போதும். என்னால ஆவாது."

வினோதா கோபப்படவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுகிர்தாவுக்கு அருவருப்பாக இருந்தது. சூப்பர்வைசர் திட்டினாலும் இப்படித்தான் சிரிப்பாள், மழுமழுவென்று, சோப்பு மாதிரி. அவளை அற்பமாக நினைக்க நினைக்கத்தான் தனக்குத் தைரியம் ஊறுகிறது என்பது சுகிர்தாவுக்கே தெரிந்திருந்தது. அதில் வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை.

புதுக் காலேஜ் பெரியபாளையம் ரோட்டில் இருந்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. "எங்ககிட்ட புத்தகப் படிப்பு கம்மிம்மா, எல்லாமே பிராக்டிகல்" என்றார் அட்மிஷன் மேடம். அம்மாவின் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோல் சுகிர்தா புருவத்தைத் தூக்கினாள்.

விண்ணப்பத்தில் ரத்த வகைக்குக் கீழே ஷூ சைஸ் கேட்டிருந்தார்கள். விளையாட்டுக்கு ஷூ கூடக் கொடுக்கிற காலேஜ்! பழைய இடத்தில் ஒரு பந்து உண்டா? ஐந்து என்று அழுத்தி எழுதினாள்.

முதல் நாள் காலையில் வாசலிலேயே பஸ் நின்றது. "நியூ அட்மிஷன் எல்லாம் ஏறுங்க, இண்டஸ்ட்ரியல் விசிட்" என்றார் ஒரு சார். சுகிர்தா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்நேரம் வினோதா அட்டெண்டன்ஸ் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு லைனுக்குப் போயிருப்பாள். பாவம், ஜென்மம்.

கவரைப்பேட்டை தாண்டி பஸ் ஹைவேயில் ஏறியது. கொஞ்ச தூரத்தில் சிப்காட்டுக்குள் திரும்பியது. இங்கே எத்தனையோ கம்பெனி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். பஸ் நின்ற கேட்டும் அவள் பார்த்தறியாத கேட்தான். இரண்டு காம்பவுண்டுச் சுவருக்கு நடுவே, சந்து மாதிரி ஒரு வழியின் கடைசியில் இருந்தது.

எழுதிக் கொடுத்த சைஸுக்கு ஆளுக்கொரு சேஃப்டி ஷூ மாட்டச் சொல்லி, வரிசையாக உள்ளே விட்டார்கள். நீளமான ஷெட், டியூப்லைட் வெளிச்சம், சூடான ரப்பர் வாடை. நீலக் கோட்டு போட்ட ஒருத்தி, கையை நிறுத்தாமலே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

"வாடி சுகி, உன் எடம் காலியாத்தான் கீது" என்றாள் வினோதா.