கட்டளை மட்டும் போதும்

"கட்டளை மட்டும் சொல்லிக் குடுங்க சார். மத்த எதுவும் எனக்கு வேணாம்."

சாயங்கால வகுப்புக்கு வந்த முதல் நாளே லாண்டரி மேஸ்திரி இப்படிக் கேட்டதும், ஸ்பானிஷ் வாத்தியாருக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சாரு.

"வணக்கம், நன்றி, சௌக்கியமா... இதெல்லாம்?"

"அதுக்கு நேரமில்ல சார். ஹோட்டல் துணியெல்லாம் வெளுக்கிற இடம். புதுசா ஏழு பேர் வேலைக்கு வந்திருக்காங்க. ஸ்பானிஷ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. எடு, வை, மடி, நிறுத்து. இது போதும். ஒரு மாசத்துல உங்க சர்டிபிகேட்டைக் கொண்டு போய் முதலாளிகிட்ட நீட்டணும். இல்லேன்னா ஸ்பானிஷ் தெரிஞ்ச வேற மேஸ்திரியைப் போட்டுடுவாரு. ரெண்டு பொண்ணுங்க படிக்குது சார்."

கிளாஸ்ல மத்தவங்க சிரிச்சாங்க. வாத்தியார் சிரிக்கல. அதட்டறதுக்குன்னே ஒரு பாஷை கத்துக்க வந்திருக்கானேன்னு அவருக்கு வயித்தெரிச்சல்.

"மேஸ்திரி, மனுஷனை மனுஷனா மதிக்கத் தெரியாதவனுக்கு எந்தப் பாஷையும் வராது. எழுதிக்குங்க." போர்டு பக்கம் திரும்பினாரு. "கூட்டாளியைக் கூப்பிட்டா 'வென்'. வா. மரியாதைப்பட்டவங்களைக் கூப்பிட்டா 'வெங்கா'. வாங்க. எல்லாக் கட்டளைக்கும் இப்படி ரெண்டு உண்டு. யார்கிட்ட எதைப் பேசறோம்கிறதுலதான் நம்ம வளர்ப்பு தெரியும்."

சொல்லிக்கிட்டே கையை வீசினதுல மேசை மேல இருந்த காபி கவுந்துச்சு.

வாத்தியார் வாசல் பக்கம் பாத்து விரலைச் சொடக்கினாரு. கூட்டித் துடைக்கிற அம்மா மாப்போட உள்ள வந்துச்சு.

"ஏய். இங்க. ம்." தரையைக் காட்டினாரு.

அந்தம்மா துடைச்சுட்டுப் போச்சு.

"பேச்சு வராதுங்களா சார்?" மேஸ்திரி கேட்டாரு.

"ஊமை போலிருக்கு. ரெண்டு வருஷமா வாயே திறந்ததில்ல. எல்லாம் விரலாலதான். அதுவும் ஒழுங்கா செய்யறதில்ல. போர்டுல எழுதினது நாளைக்கும் வேணும், தொடாதேன்னு கையால எவ்வளவோ காட்டிட்டேன். மறுநாள் வந்து பாத்தா நடுவுல ரெண்டு வரி, ஓரத்துல ஒரு வரின்னு துடைச்சு வெச்சிருக்கும். ஒரு கட்டளை மண்டையில ஏறாது." பெருமூச்சு விட்டாரு. "சரி, மரியாதையைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். எங்க விட்டேன்?"

மேஸ்திரி ஒரு நாள் தவறாம வந்தாரு. கடைசி பெஞ்சுல உக்காந்து எழுதிக்கிட்டாரு. கிளாஸ் முடிஞ்சதும் முதல் ஆளா மாடிப்படியைப் பாத்து ஓடினாரு. சந்தேகம்னு ஒரு நாள் வந்து நின்னதில்ல. வாத்தியார் அதையும் திமிர் கணக்குல சேத்துக்கிட்டாரு.

மாசக் கடைசியில வாய்மொழிப் பரீட்சை. இந்த ஆளை பெயில் பண்றதுன்னு வாத்தியார் காலையிலேயே முடிவு பண்ணிட்டாரு. ஏழு பேரைக் காப்பாத்தற புண்ணியமாவது கிடைக்கட்டுமே.

"அந்த நாற்காலியை ஒரு ஆளா நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க மேஸ்திரி."

"நாற்காலிகிட்ட வாய் வராது சார். ஆள் இருந்தாத்தான் வரும்."

வாத்தியார் சொடக்கினாரு. அந்தம்மா மாப்போட வந்து வாசல்ல நின்னுச்சு.

"இந்தாங்க, ஆள். பொம்மை மாதிரி நிக்கும், உங்களுக்கும் வசதி. லாண்டரியில அதட்டற மாதிரியே அதட்டுங்க பாப்போம்."

மேஸ்திரி எழுந்தாரு. சட்டை காலரைச் சரி பண்ணிக்கிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு.

"வெங்கா."

மரியாதை ரகம். வாத்தியாரோட புருவம் உசந்துச்சு. அந்தம்மா உள்ள வந்துச்சு.

"சியெந்தெசெ." உக்காருங்க.

அந்தம்மா நேரா போய் வாத்தியார் நாற்காலியில உக்காந்துச்சு.

"தெஸ்கான்செ." கொஞ்சம் ஓய்வெடுங்க.

மாப்பைச் சுவத்துல சாத்திட்டு காலை நீட்டிக்கிச்சு.

"யோவ், என்னய்யா இது, முன்னாடியே சொல்லிக் குடுத்து வெச்சிருக்கியா?"

"நான் எங்க சார் சொல்லிக் குடுத்தேன்? எனக்குச் சொல்லிக் குடுத்ததே இந்த அக்காதான். முதல் நாள் 'வெங்கா, வெங்கா'ன்னு முனகிக்கிட்டே படி இறங்கினேன். யாரோ கூப்பிடறாங்கன்னு வாளியை வெச்சுட்டு எதிர்ல வந்து நின்னாங்க. அன்னையிலேருந்து தினம் அரை மணி நேரம், மாடிப்படியில கிளாஸ்."

"இதுக்கு ஸ்பானிஷ் தெரியுமா? எப்பத்திலேருந்து?"

"பொறந்ததிலேருந்து சார். தாய்மொழி."

கிளாஸ்ல யாரோ இருமினாங்க.

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல?"

"நீங்க சொடக்குதானே போட்டீங்க. அதுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

அந்தம்மா எழுந்திருச்சு, வாத்தியாரைப் பாத்து நாலு வாக்கியம் பேசுச்சு. அதட்டல் இல்ல, கோபமும் இல்ல. ஆனா வேகம். வாத்தியார் எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையைத் தலையை ஆட்டினாரு. மேஸ்திரியோட சர்டிபிகேட்டை இழுத்து மளமளன்னு கையெழுத்துப் போட்டாரு. அதை நீட்டற சாக்குல அவர் காதுகிட்ட குனிஞ்சாரு.

"என்ன சொல்றாங்க?"

மேஸ்திரியும் குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"எங்கிட்ட முன்னாடியே சொன்னதுதான் சார். 'போர்டைத் தொடாதேன்னு நீங்க காட்டினது புரிஞ்சுது, மன்னிச்சுக்குங்க. காசு கட்டி வர்றவங்க தப்பாப் படிச்சுடக் கூடாதேன்னு, நீங்க தப்பா எழுதின வரியை மட்டும்தான் துடைச்சேன்'கிறாங்க."