வலப்பக்கம் நின்றவன்

"சரி" என்ற ஒரு சொல் வர வேண்டும்.

வரவில்லை.

அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு.

வலப்பக்கம் நின்றவன் இசக்கிராஜா. அவனுக்குத் திக்குவாய். முதல் எழுத்தில் நாக்கு மாட்டிக்கொண்டால் விடுபட நேரமாகும். அந்த நேரத்தில் யாராவது முகத்தைப் பார்த்தால் இன்னும் இறுகிவிடும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவள் பார்க்கவில்லை. கூடைப்பந்துக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பது. பத்து.

அவனைத் தாண்டி, அடுத்து நின்ற ஷம்ஷாத்திடம் தன் எண்ணைச் சொன்னாள்.

"சரி" என்றாள் ஷம்ஷாத்.

ஆட்டம் நகர்ந்தது.

ஆட்டம் இல்லை, பாடம். அதிகாரி என்று யாரும் இல்லாத இடத்தில், பல கணினிகள் தங்களுக்குள் பேசி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? மெர்லின் மேடம் வகுப்பைத் திடலில் வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு எண் எழுதிய சீட்டைக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் ஒரு கணினி. பக்கத்தில் நிற்பவரிடம் மட்டுமே பேசலாம். பெரிய எண் யாரிடம் இருக்கிறதோ அவரே தலைவர்.

வழிமுறையை எழுதியவள் அவள். உன் எண்ணை வலப்பக்கம் சொல். இடப்பக்கமிருந்து வரும் எண் உன்னுடையதைவிடப் பெரிது என்றால் மேலே அனுப்பு. சிறிது என்றால் விழுங்கிவிடு. உன் எண்ணே சுற்றிவந்து உன் காதில் விழுந்தால் நீதான் தலைவர்.

இதுவரை புத்தகத்தில் உண்டு. அடுத்த வரி அவளுடைய சொந்தச் சரக்கு.

பத்து எண்ணுவதற்குள் "சரி" வராவிட்டால் அந்தக் கணினி செத்துவிட்டது. தாண்டிப் போ.

முதல் சுற்றில் மேடம் ரகசியமாக ஒருத்தியைச் சாகச் சொல்லியிருந்தார். வட்டம் அவளைத் தாண்டிப் போய்ச் சரியான தலைவரைக் கண்டுபிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கல்லூரிக் கண்காட்சியில் இதை உன் பெயரிலேயே வைத்துவிடலாம் என்றார் மேடம்.

இது இரண்டாவது சுற்று.

எதிர்ப்பக்கம் ஒரு கை உயர்ந்தது.

"மேம், என் நம்பர் திரும்பி வந்துட்டு. எழுபத்தி நாலு."

கைதட்டல் தொடங்கியது.

இசக்கிராஜா தன் சீட்டை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தான்.

தொண்ணூற்றொன்று.

கைதட்டல் தேய்ந்து நின்றது.

"இதக் கணக்குல எடுக்க வேண்டாம் மேம்," என்றாள் ஷம்ஷாத், தணிந்த குரலில். "அவனுக்குப் பேச நேரமாகும்லா."

அன்பாகத்தான் சொன்னாள். எல்லோரும் அன்பாகவே தலையாட்டினார்கள்.

அவன் தலையாட்டவில்லை.

"எ... எடுக்கணும். நான் சாகல. லேட்டு, அவ்வளவுதான். லேட்டான மெஷினும் செத்த மெஷினும் இவளுக்கு ஒ... ஒண்ணுபோலதான இருக்கு."

அவளுக்குக் காது சூடானது.

"அப்போ நூறு வரைக்கும் எண்ணுதேன்."

அவன் யோசித்தான். அல்லது சொல் வருவதற்காகக் காத்திருந்தான்.

"நான் நூ... நூத்தி ஒண்ணுல பேசுவேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆயிரம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லவில்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அவன் அதற்கு அடுத்த எண்ணில் நிற்பான். அதற்கு மேல் அவளால் போக முடியாது. யாராலும் முடியாது.

மெர்லின் மேடம் திரும்ப வாங்கிய சீட்டுகளை அடுக்கினார். கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினார்.

"இதப் புரியவைக்க அடுத்த மாசம் பூரா ஒதுக்கி வச்சிருந்தேன்," என்றார்.

அவளுக்கு வலித்தது. வாரக்கணக்கில் கட்டியது ஒரே வரியில் சரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வரியைத் திரும்பத் திரும்ப மனதில் சொல்லிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதில் எடுக்கவும் ஒன்றுமில்லை, சேர்க்கவும் ஒன்றுமில்லை. இவ்வளவு சின்னதாக, இவ்வளவு முழுதாக ஒரு பதிலை அவள் யாரிடமிருந்தும் கேட்டதில்லை.

இரண்டு வருடமாக ஒரே வகுப்பு. அவன் பேசும்போதெல்லாம் தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள்.

ஜன்னல். மின்விசிறி. கரும்பலகையின் ஓரம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவன் தனியாக நின்றிருந்தான். பக்கத்தில் போய் நின்றாள்.

"நெசமாவே வாய் சிக்கிச்சா? இல்ல, வேணும்னே பேசாம நின்னியா?"

அவன் சிரித்தான்.

"வெளிய நிக்கவங்களுக்கு அது தெ... தெரியாதுல்லா."

அவளும் சிரித்துவிட்டாள். மதியம் மேடத்தைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னாள். கண்காட்சியில் அவளுடைய வழிமுறை இருக்காது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் போதாது என்பதைத்தான் வைக்கப் போகிறார்கள். ஊரே வந்து பார்க்கும்.

"உன் பேருதான் மொதல்ல போட்டிருக்கு," என்றாள். "ஆனா நீதான் பேசணும். வாரியா?"

அவன் சிரிப்பு நின்றது. உதடுகள் ஒட்டின. கழுத்து நரம்பு புடைத்தது.

வண்ணார்பேட்டை பஸ் வந்து நின்றது. அவளுடைய பஸ். அதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"ஏம்மா, ஏறுதியா?" என்றார் கண்டக்டர்.

அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே போகச் சொல்லிக் கையசைத்தாள்.

விசில் அடித்தது. பஸ் கிளம்பிப் போனது. புழுதி அடங்கியது.

அவன் இன்னும் முதல் எழுத்தில்தான் இருந்தான்.