பெண்ணுக்காகப் பேசுபவர்

விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்த பீர் முகைதீன், ஜமாத் மக்களுக்காக ஒரு திருமண இணையதளம் தொடங்கவிருந்தார். அதை உருவாக்கிய ஃபரீத், மண்டியிலேயே மடிக்கணினியைத் திறந்து அவருக்குக் காட்டினான்.

'பெண்ணுக்காகப் பேசுபவர்' என்ற இடத்தைத் தட்டியதும் அத்தா, அண்ணன், மாமா, மகன் என்று ஒரு பட்டியல் விரிந்தது.

"ஏலே, கல்யாணம் ஆகப்போற பொண்ணுக்கு மகன் எங்கன இருந்து வருவான்? பாக்குறவுக சிரிப்பாக. எடுத்துரு."

"இருந்துட்டுப் போகட்டும், விடுங்க பாய்."

அவரே 'நீக்கு' என்ற பொத்தானை அமுக்கினார். 'மகன்' அப்படியே நின்றது.

"என்னலே, போக மாட்டேங்குது?"

"மகன்னு போட்டு ஒரு வரன் பதிவாயிருக்கு பாய். அது இருக்கிற வரைக்கும் இதை அழிக்க விடாது."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள வரனா? நீ சோதிச்சுப் பாக்கப் போட்டிருப்ப. அதையும் சேர்த்து அழி."

"சோதிக்கப் போட்டதில்ல பாய்." ஃபரீத் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மா."

பீர் முகைதீன் விரலை எடுத்துக்கொண்டார். ஃபரீதின் அத்தா மௌத்தானபோது ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"போட்டோவுக்கு இந்தச் சேலைதான் கட்டுவேன்னு சொன்னதே அம்மாதான்."

அவர் மடிக்கணினியை ஃபரீத் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அதுக்குக் கீழ 'மகள்'னும் ஒண்ணு சேர்த்துரு. எந்தங்கச்சி ஷாஹிதாவும் மாப்பிள்ளையைப் பறிகொடுத்தவதான். அவளுக்கு மகன் இல்ல."