காதறுந்த செந்நாய்

இரண்டு நாளாகத் தண்ணீர் காணாத கன்றை ஆற்றில் இறக்கிவிட்டு, அதன் தாயும் கொம்பனும் கொம்பே முளைக்காத மோழையும் கரையில் உடம்போடு உடம்பு ஒட்டி நின்றார்கள். மூன்றும் காட்டெருமைகள். எதிரே செந்நாய்க் கூட்டம்.

"இன்னைக்குப் புது முறை" என்றாள் தாய். "யாரும் நாயைத் துரத்திட்டுப் போகக் கூடாது. அவரவர் முன்னால வர்றதை மட்டும் முட்டணும்."

போன முறை காதறுந்த நாயொன்றை விரட்டிக்கொண்டு கொம்பன் ஓடினான். அவன் விட்ட இடைவெளியில்தான் அவளுடைய மூத்த கன்று பறிபோனது.

அதே நாய் இன்றும் அவனெதிரே வந்து சிரித்தது. "என்ன கொம்பா, கால்ல வேர் விட்டுடுச்சா?"

கொம்பன் பல்லைக் கடித்தான். நாய் சட்டென்று மோழையின் பக்கம் பாய்ந்தது.

"அது என்னோட நாய்!" கொம்பனின் ஒரு கால் தானாக முன்னே போனது.

"ஆண்டவனே, அவனை நிறுத்தி வை" என்று தாய் முணுமுணுத்தாள்.

கால் மெல்லத் திரும்பி வந்தது. தொம்மென்று ஒரு சத்தம். மோழையின் நெற்றி பட்டு நாய் புதருக்குள் போய் விழுந்தது.

"இங்க என்னண்ணே பார்க்கிறே?" என்றான் மோழை, மூச்சு வாங்க. "உனக்கு நேரா ரெண்டு வருது!"

கொம்பன் தலையைத் தாழ்த்தினான். பின்னால் கன்று தண்ணீர் உறிஞ்சும் சத்தம் நிற்காமல் கேட்டது.