விரலை எடுக்கும்வரை

சகாயமேரிக்குத் திக்குவாய். அவள் எந்தச் சொல்லைத் தொடங்கினாலும் அண்ணன் அமலதாஸ் முடித்துவைப்பான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் பெயரைக்கூட அவன்தான் சொன்னான். அவள் படித்துத் தேர்வெழுதி, வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேச ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியது ஒன்றுதான் அவன் முடித்துவைக்காத காரியம்.

அன்று சாயங்காலம் முதன்முறையாக வயர்லெஸ் செட்டைப் போட்டாள். சுற்றியுள்ள நான்கு மாவட்டங்களின் குரல்களையும் வாங்கித் திருப்பி அனுப்பும் மலையுச்சி ரிப்பீட்டர் வழியாக ஒரு பெரியவர் குரல் வந்தது. “புதுசா யாராவது இருந்தா பேரைச் சொல்லுங்க.”

மைக்கில் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள். “ச... ச...”

“விடு பிள்ள, நான் சொல்லுதேன்.” பின்னாலிருந்து குனிந்த அமலதாஸ், “சகாயமேரி” என்றான்.

அவள் விரல் தானாக விலகியது.

“வாங்க சகாயமேரி, ரொம்ப சந்தோஷம்” என்றார் பெரியவர்.

“முடிஞ்சுது பாத்தியா?” என்று சிரித்தான் அண்ணன்.

அவள் மறுபடி அழுத்தினாள். “இப்ப பே... பேசுன ஆளுக்கு லை... லைசென்ஸ் கிடையாது. நா... நான் இன்னும் எம்பேரச் சொல்லல.”

அமலதாஸ் வாயைத் திறந்தான். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே மறுகையால் அவன் வாயைப் பொத்தினாள். ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அவளுக்கு இந்த ரேடியோ விளையாட்டில் பிடித்ததே அந்த ஒரு விதிதான்.

“ச... ச...” என்று ஆரம்பித்தாள், அவசரமே இல்லாமல். மலையுச்சி அதில் ஒன்றைக்கூட விடாமல் வாங்கி, நான்கு மாவட்டங்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.